ஆஸ்பத்திரியை எதிர்த்த காந்தி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது ஏன்? குடல்வால் பழுத்தால் கத்தியா, காத்திருப்பா?

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தில் இருந்து காமராஜர் சாலையைப் பிடித்து ஊருக்குள் வந்தால், வழியில் காந்தி பொட்டல் வரும். 1921 செப்டம்பர் 22. மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி, மேல்சட்டையையும் தொப்பியையும் கழற்றிவிட்டு, முழங்கால் அளவு வேட்டியோடு வெளியே வந்தார். அந்தக் கோலத்தில் அவர் முதலில் மக்கள் முன்னால் நின்ற இடம் இதுதான் என்று மதுரைக்காரர்கள் இன்றும் காட்டுவார்கள்.

அந்த அரைவேட்டி பற்றி நிறையப் பேசியாச்சு. அதே வெற்றுடம்பின் வயிற்றில் சுமார் இரண்டேகால் வருஷம் கழித்து விழுந்த ஆபரேஷன் தழும்பு பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. இத்தனைக்கும் அதற்குள் ஒரு பெரிய முரண்பாடு இருக்கிறது. நவீன மருத்துவத்தையும் ஆஸ்பத்திரிகளையும் கடுமையாகத் திட்டிப் புத்தகம் எழுதியவர், ஒரு வெள்ளைக்கார டாக்டரின் கத்திக்குத் தன் வயிற்றை ஒப்படைத்தார். காரணம், குடல்வால் அழற்சி. நாம் சாதாரணமாக 'அப்பெண்டிக்ஸ்' என்று சொல்கிறோமே, அதுதான்.

உடனே ஆபரேஷன் செய்யலாமா, மருந்து கொடுத்துக் காத்திருக்கலாமா? இன்றைக்கும் எமர்ஜென்சி வார்டு வாசலில் நின்றுகொண்டு, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு போன் போட்டு, பலர் அவசரமாக முடிவெடுக்கும் கேள்வி இது. காந்தியின் வாழ்க்கையில் நோய் வந்த இடங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தால், இந்தக் கேள்வி வேறு வேறு வேஷத்தில் திரும்பத் திரும்ப வருகிறது.

டாக்டர் ஆக ஆசைப்பட்ட பையன்

1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், லண்டனுக்குப் படிக்கப் போகும் பேச்சு வீட்டில் எழுந்தபோது முதலில் கேட்டது சட்டப் படிப்பை இல்லை. மருத்துவம் படிக்கலாமா என்றுதான் கேட்டார். அண்ணன் மறுத்துவிட்டார். அப்பாவுக்கு அது பிடிக்காது, வைணவக் குடும்பத்துப் பிள்ளை பிணத்தை அறுக்கும் வேலைக்குப் போகக்கூடாது என்பது அண்ணன் சொன்ன காரணம். 1888-இல் பாரிஸ்டர் படிப்புக்காகக் கப்பல் ஏறினார் காந்தி.

ஆனால் அந்த ஆசை முழுசாக அவரை விட்டுப் போகவில்லை. தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தபோது, டர்பனில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் இலவசமாக வேலை பார்த்தார். நோயாளிகளின் குறைகளைக் கேட்டு டாக்டரிடம் சொல்வது, மருந்து கலந்து கொடுப்பது அவருடைய வேலை. 1899-இல் போயர் போர் வெடித்ததும் சுமார் 1,100 இந்தியர்களைச் சேர்த்து ஆம்புலன்ஸ் படை அமைத்து, காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் சென்றார்.

கூடவே இன்னொரு பாதையும் திறந்தது. ஜெர்மானிய இயற்கை வைத்தியர்கள் லூயி குனே, அடால்ஃப் ஜஸ்ட் ஆகியோரின் புத்தகங்களைப் படித்தார். வயிற்றில் ஈரமண் பட்டி, ஈரத்துணிச் சுற்று, இடுப்புக் குளியல், பட்டினி என்று முதலில் தன் உடம்பிலும், பிறகு வீட்டில் இருந்தவர்களிடமும் சோதித்துப் பார்த்தார்.

104 டிகிரி காய்ச்சல்: முதல் பரீட்சை

1902-இல் பம்பாயில் குடியிருந்தபோது, 10 வயது மகன் மணிலாலுக்கு டைஃபாய்டு வந்தது. நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. இரவில் பிதற்றல். பார்க்க வந்த பார்சி டாக்டர், மருந்தால் பெரிய பலன் இருக்காது, முட்டையும் கோழி சூப்பும் கொடுங்கள் என்றார். காந்தி ஒப்புக்கொள்ளவில்லை. பையனிடமே விஷயத்தைச் சொல்லிக் கேட்டார். பையன் அப்பா பக்கம் நின்றான்.

அடுத்து காந்தி செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். சிகிச்சை தன்னுடையதாக இருக்கட்டும், ஆனால் அவ்வப்போது வந்து நாடியையும் நெஞ்சையும் சோதித்து நிலைமையைச் சொல்லுங்கள் என்று அதே டாக்டரைக் கேட்டுக்கொண்டார். அவரும் சம்மதித்தார். காய்ச்சல் 104 டிகிரிக்குப் போன ஒரு இரவில் பையனை ஈரத்துணியில் சுற்றிப் படுக்கவைத்துவிட்டு, மனசு தாங்காமல் சௌபாத்தி கடற்கரைக்கு நடந்து போனார். திரும்பி வந்தபோது வியர்வை கொட்டிக் காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது.

மணிலால் பிழைத்தான். அதற்குக் காரணம் தன் வைத்தியமா, கடவுளா, கவனிப்பா என்று யாரால் சொல்ல முடியும் என்று காந்தியே பின்னாளில் எழுதினார். கத்தியோ கடுமையான மருந்தோ இல்லாமல், டாக்டரின் கண்பார்வையில் பொறுத்திருந்து பார்ப்பதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. 'கன்சர்வேட்டிவ் டிரீட்மென்ட்' என்பார்கள். அதில் கண்காணிப்புதான் உயிர்நாடி. அது இல்லாவிட்டால் வெறும் தள்ளிப்போடுதல்தான் மிச்சம்.

ஆஸ்பத்திரி மீது ஏன் அவ்வளவு கோபம்?

1909 நவம்பரில், லண்டனில் இருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் 'கில்டோனன் காசில்' கப்பலில் குஜராத்தியில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினார். வலது கை வலித்தால் இடது கையால் எழுதினார் என்பது பிரபலமான தகவல். அதில் வக்கீல், ரயில், டாக்டர் எல்லோருக்கும் அடி விழுந்தது. அளவுக்கு மீறித் தின்றவன் அஜீரணத்தோடு வருகிறான், டாக்டர் மாத்திரை கொடுத்துச் சரிசெய்கிறார், அவன் மறுபடி அப்படியே தின்கிறான். மனக்கட்டுப்பாட்டை மருத்துவம் கெடுக்கிறது என்பது அவருடைய வாதம். ஆஸ்பத்திரிகள் பாவத்தை வளர்க்கும் இடங்கள் என்கிற அளவுக்குப் போனார்.

இத்தனைக்கும், தென்னாப்பிரிக்காவிலேயே கஸ்தூரிபாவுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் ஆபரேஷன் தேவைப்பட்டபோது காந்தி குறுக்கே நிற்கவில்லை. உடம்பு மிகவும் மெலிந்திருந்ததால் மயக்க மருந்து இல்லாமலே அந்த ஆபரேஷன் நடந்தது. புத்தகத்தில் இருக்கும் காந்தியும் வீட்டில் இருக்கும் காந்தியும் எப்போதும் ஒரே கோட்டில் நடக்கவில்லை.

1918-இல் கேடா மாவட்டத்தில் கடும் வயிற்றுப்போக்கு. மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்ததில் சாவின் விளிம்புக்கே போய்விட்டார். கடைசியில் பம்பாய் டாக்டர் தலால், பால் குடிக்காமல் உடம்பைத் தேற்ற முடியாது என்றார். பால் குடிப்பதில்லை என்று காந்தி சபதம் எடுத்திருந்தார். சபதம் செய்தபோது மனதில் இருந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி சொன்னவர் கஸ்தூரிபா. காந்தியும் ஆடும் இணைபிரியாமல் ஆனது அப்படித்தான். அந்த சமரசம் அவருக்குக் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது.

1924 ஜனவரி 12: புனேயில் அந்த இரவு

மதுரையில் உடை மாற்றிய அடுத்த வருஷம், 1922 மார்ச்சில், ராஜத்துரோக வழக்கில் காந்திக்கு 6 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. புனே எரவாடா சிறை. 1924 ஜனவரியில் வயிற்றுவலியும் காய்ச்சலும் வந்தன. புனே சாசூன் மருத்துவமனையின் சர்ஜன் கர்னல் மேடாக் பரிசோதித்தார். குடல்வால் அழற்சி. காந்தி உடனே ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்.

அரசாங்கத்துக்கு இது சாதாரணக் கைதி விவகாரம் இல்லை. பிரிட்டிஷ் டாக்டரின் கத்தியின் கீழ் காந்தி இறந்துபோனால், அது கொலை என்றே நாடு முழுக்கப் பேச்சு கிளம்பும். ஆபரேஷன் செய்யாமல் இறந்தாலும் அதே பழிதான். அதனால், உங்களுக்கு நம்பிக்கையான இந்திய டாக்டர்களை வரவழைக்கலாம் என்று காந்தியிடம் சொன்னார்கள். அவர் பம்பாய் டாக்டர் தலால், பரோடாவில் இருந்த டாக்டர் ஜீவ்ராஜ் மேத்தா (பின்னாளில் குஜராத்தின் முதல் முதலமைச்சர்) ஆகியோரின் பெயர்களைச் சொன்னார். தகவல் அனுப்பப்பட்டது. ஆனால் அவர்கள் வந்துசேரும் வரை வயிறு பொறுக்காது என்று மேடாக் கணித்தார்.

சாட்சிக்கு ஆள் வேண்டும். புனேயில் இருந்த நண்பர் டாக்டர் பாடக் வந்தார். கூடவே வந்தவர் ஒரு தமிழர்: கும்பகோணம் பக்கத்து வலங்கைமானில் பிறந்து, சென்னை திருவல்லிக்கேணியில் தலைமை ஆசிரியராக இருந்து, கோகலேவின் இந்திய ஊழியர் சங்கத்துக்குத் தலைவரான வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. காந்தியைவிடப் பத்தே நாள் மூத்தவர். ஒத்துழையாமை இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தவர். தனக்கு நெருக்கடி வந்த நேரத்தில், அரசியலில் தன்னோடு ஒத்துப்போகாத, ஆனால் நேர்மையில் சந்தேகமே இல்லாத ஒருவரைத்தான் காந்தி பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஒரு சம்மதக் கடிதம் தயாரானது. டாக்டர்கள் அன்போடு கவனித்தார்கள், மேடாக் மீது முழு நம்பிக்கை இருக்கிறது, தனக்கு வேண்டிய டாக்டர்களை அழைக்க அரசு அனுமதித்தது, ஆனால் தாமதம் ஆபத்து என்பதால் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கிறேன் என்பது அதன் சாரம். படுத்தபடியே முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு பென்சிலால் கையெழுத்துப் போட்டார். கை பயங்கரமாக நடுங்கியது. ஆங்கிலத்தில் தன் பெயரின் கடைசி எழுத்துக்கு மேலே வைக்கவேண்டிய புள்ளியைக்கூட அவர் வைக்கவில்லை என்பதை சாஸ்திரி கவனித்து எழுதி வைத்திருக்கிறார்.

அன்று இரவு குளோரோஃபார்ம் கொடுத்து ஆபரேஷன் தொடங்கியது. வெளியே இடி மழை. நடுவில் கரண்ட் போய்விட்டது. நர்ஸ் ஒருவர் பிடித்திருந்த டார்ச் லைட்டும் அணைந்தது. கடைசியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் மேடாக் வேலையை முடித்தார். காந்திக்கு அப்போது 54 வயது.

அன்றைக்குக் காத்திருந்திருக்க முடியாதா?

குடல்வால் என்பது பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலது அடிவயிற்றில் தொங்கும் விரல் போன்ற ஒரு சின்ன குழாய். மலத்துணுக்கு அடைத்தோ வேறு காரணத்தாலோ வாய் மூடிக்கொண்டால் உள்ளே கிருமி பெருகும், வீங்கும். வீக்கம் ரத்த ஓட்டத்தை நெரித்தால் சுவர் அழுகும், ஓட்டை விழும். அதற்கு மேல் இரண்டு வழி. பக்கத்துக் குடலும் கொழுப்புத் திரையும் வந்து சுற்றி வளைத்துக்கொண்டால், சீழ் ஒரே இடத்தில் கட்டியாக நிற்கும். வளைக்க முடியாவிட்டால் வயிறு முழுக்கப் பரவும். இந்தக் கட்டத்தைத்தான் டாக்டர்கள் 'சிக்கலான குடல்வால் அழற்சி' என்கிறார்கள்.

இந்த நோய்க்கு இன்றைய மருத்துவப் பெயரை வைத்தவர் அமெரிக்க டாக்டர் ரெஜினால்ட் ஃபிட்ஸ், 1886-இல். அடுத்த 20 வருஷம் டாக்டர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். சந்தேகம் வந்ததுமே அறுத்துவிடு என்றது ஒரு கட்சி. வீக்கம் முற்றிய பிறகு அவசரமாகக் கைவைத்தால், உடம்பே கட்டிய வேலியை நாமே உடைத்து சீழைப் பரப்பிவிடுவோம் என்றது இன்னொன்று. சிகாகோவின் ஆல்பர்ட் ஆக்ஸ்னர், வாய் வழியாக எதுவுமே கொடுக்காமல் குடலுக்கு ஓய்வு கொடு, நாடியையும் காய்ச்சலையும் மணிக்கணக்கில் கவனி, மோசமானால் உடனே அறு என்று ஒரு முறையை வகுத்தார். லண்டன் சர்ஜன் ஷெரனின் பெயரும் சேர்ந்து 'ஆக்ஸ்னர்-ஷெரன் முறை' ஆன அது, நம்ம ஊர் மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் பாடம்.

இந்தச் சண்டையில் ராஜாவும் மாட்டினார். 1902 ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா நடக்க இருந்தது. இரண்டு நாள் முன்பு, குடல்வாலைச் சுற்றிச் சீழ்க்கட்டி. பொறுத்திருந்து பார்ப்பதை ஆதரித்தவர் சர்ஜன் ஃப்ரெடரிக் ட்ரீவ்ஸ். 1900-இல் தன் சொந்த மகளையே குடல்வால் வெடித்து இழந்தவர். விழாதான் முக்கியம் என்று மன்னர் அடம்பிடித்தும், ஆபரேஷன் நடந்தே ஆகவேண்டும் என்று ட்ரீவ்ஸ் நின்றார். கீறி சீழை மட்டும் வெளியேற்றினார், குடல்வாலை எடுக்கவில்லை. மன்னர் பிழைத்து ஆகஸ்ட் 9-இல் முடிசூடினார்.

1924-இல் மேடாக் கையில் ஸ்கேன் இல்லை. ஆன்டிபயாட்டிக் இல்லை, பென்சிலினை அலெக்சாண்டர் ஃப்ளெமிங் கண்டுபிடிக்கவே இன்னும் நான்கு வருஷம் இருந்தது. வயிற்றுக்குள் எந்த நிலை என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். காத்திருப்பதற்கான கருவிகள் எதுவும் இல்லாத காலத்தில், காத்திருப்பதே பெரிய சூதாட்டம். மேஜிக் நிபுணர் ஹூடினி 1926-இல் இறந்தது குடல்வால் வெடித்துப் பரவிய சீழால்தான்.

பிழைத்தார், ஆனால் உடனே தேறவில்லை

ஆபரேஷன் வெற்றி. ஆனால் அறுத்த இடத்தில் சீழ்க்கட்டி உண்டாகி, தேறுவது இழுத்துக்கொண்டே போனது. மருந்தால் கிருமியை அடக்க முடியாத காலத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். பிப்ரவரி 5-இல் அரசு அவரை நிபந்தனையின்றி விடுவித்தது. 6 ஆண்டு தண்டனை இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்தது. நோயைக் காரணம் காட்டி விடுவித்ததில் தனக்குச் சந்தோஷம் இல்லை என்று அப்போதைய காங்கிரஸ் தலைவர் முகமது அலிக்கு எழுதினார் காந்தி. பம்பாய் ஜுஹு கடற்கரையில் சில மாதம் ஓய்வு. அதே செப்டம்பரில் டெல்லியில் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக 21 நாள் உண்ணாவிரதம். டிசம்பரில் பெல்காம் காங்கிரசுக்குத் தலைமை.

கேள்விகள் விடவில்லை. ஹிந்த் ஸ்வராஜ் எழுதியவர் எப்படி ஆஸ்பத்திரியில் படுக்கலாம்? காந்தி மழுப்பவில்லை. அது தன் பலவீனம், இந்த உடம்போடு வாழும் ஆசை தன்னை வென்றுவிட்டது என்று ஒப்புக்கொண்டார். கொள்கையை வளைத்து நியாயம் கற்பிக்காமல், உயிர் ஆசையை உயிர் ஆசை என்றே சொன்னார்.

1944: வந்துசேர்ந்த பென்சிலின்

அடுத்த பரீட்சை கஸ்தூரிபாவுக்கு. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கைதாகி, காந்தியோடு புனே ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டிருந்தார். இதய நோய், கூடவே நிமோனியா. மகன் தேவதாஸின் முயற்சியால் பென்சிலின் விமானத்தில் வந்தது. அன்றைக்கு அது அபூர்வ மருந்து. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊசி போடவேண்டும் என்று தெரிந்ததும், கடைசி நேரத்தில் அவளை வதைக்க வேண்டாம் என்று காந்தி தடுத்தார். பிப்ரவரி 22-இல் கஸ்தூரிபா இறந்தார்.

இந்த முடிவை இன்றும் பலர் விமர்சிக்கிறார்கள். மறுபக்கம், டாக்டர்களே நம்பிக்கை இழந்த கட்டம் அது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். குணப்படுத்த முடியாத நேரத்தில் சிகிச்சையை நிறுத்துவது ஒரு விஷயம். குணப்படுத்த முடிகிற நேரத்தில் தள்ளிப்போடுவது வேறு விஷயம். இரண்டாவது சூழ்நிலை மூன்றே வருஷத்தில் வந்தது.

1947: பாட்னாவில் மனு

ஆகாகான் மாளிகையில் கஸ்தூரிபாவைக் கவனித்துக்கொண்ட உறவுக்காரப் பேத்தி மனு, நவகாளி நடைப்பயணத்தில் இருந்து காந்தியுடனே இருந்தார். 1947 மே மாதம், நாடு பிரிவினைக் கொந்தளிப்பில் இருந்தபோது, மனுவுக்குக் கடும் வயிற்றுவலி. காந்தி முந்தைய வருஷம்தான் புனே அருகே உருளி காஞ்சனில் இயற்கை வைத்திய மையம் தொடங்கியிருந்தார். அந்த வழியிலேயே மண் பட்டி போட்டார், உணவைக் குறைத்தார். வலி அடங்கவில்லை.

பாட்னாவில் டாக்டர்களை வரவழைத்தார். குடல்வால் அழற்சி, உடனே ஆபரேஷன் என்றார்கள். 23 வருஷத்துக்கு முன்பு தன் வயிற்றுக்கு வந்த அதே நோய், அதே கேள்வி. காந்தி சம்மதித்தார். மே 15 அன்று ஆபரேஷன் நடந்தபோது முகக்கவசம் கட்டிக்கொண்டு தியேட்டருக்குள்ளேயே இருந்தார். மனு பிழைத்தார். இதைத் தன் இயற்கை வைத்தியத்துக்குக் கிடைத்த தோல்வியாகவே காந்தி எடுத்துக்கொண்டார். ஆனால் தோல்வியை ஒப்புக்கொள்ளும் முன்பே டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார். மனு உயிரோடு இருந்ததற்கு அதுதான் காரணம்.

1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் காந்தி சுடப்பட்டபோது அவர் பக்கத்தில் நடந்து வந்தவர்களில் மனுவும் ஒருவர். அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி, மதுரை தமுக்கம் பக்கத்தில், 1959-இல் நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, இன்றைக்கு எது சரி: கத்தியா, காத்திருப்பா?

காந்தி காலத்தில் இல்லாத மூன்று விஷயம் இன்று இருக்கிறது: ஸ்கேன், ஆன்டிபயாட்டிக், சின்ன துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி. அதனால் பதிலும் நோயின் கட்டத்தைப் பொறுத்து மாறுகிறது.

*வெறும் வீக்கம், சிக்கல் இல்லை:* இங்கே இரண்டுமே சாத்தியம். அமெரிக்காவில் 1,552 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான 'கோடா' ஆய்வில், ஆன்டிபயாட்டிக் மட்டும் எடுத்தவர்களில் 10-க்கு சுமார் 3 பேருக்கு 90 நாளுக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. குடல்வாலுக்குள் மலக்கல் இருந்தவர்களில் இது 10-க்கு 4. பின்லாந்தின் 'அப்பாக்' ஆய்வில் 5 வருஷத்துக்குள் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்கு வந்தார்கள். திருப்பிப் போட்டுச் சொன்னால், சுமார் 60 சதவீதம் பேர் கத்தியே படாமல் தப்பித்தார்கள்.

*வெடித்து வயிறு முழுக்கப் பரவிவிட்டது:* இதில் விவாதமே இல்லை. உடனடி ஆபரேஷன், கூடவே ஆன்டிபயாட்டிக்.

*சீழ்க்கட்டி, அல்லது குடல்கள் ஒட்டிய கட்டி. ஆனால் நோயாளி நிலையாக இருக்கிறார்:* உண்மையான விவாதம் இங்கேதான். எல்லாம் ஒட்டிக்கிடக்கும் நேரத்தில் அறுத்தால் நல்ல குடலும் காயப்படலாம், சில சமயம் குடலின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்கவேண்டி வரலாம். அதனால் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் கொடுத்து, கட்டி பெரிசாக இருந்தால் ஸ்கேன் பார்த்து ஊசி வழியாகக் குழாய் விட்டுச் சீழை வடிப்பது பல இடங்களில் முதல் தேர்வு. இன்னொரு பக்கம், அனுபவமுள்ள சர்ஜனும் நல்ல லேப்ராஸ்கோப்பி வசதியும் இருந்தால் முதலிலேயே ஆபரேஷன் செய்வதும் பாதுகாப்பான வழி என்று 2020-இல் வந்த உலக அவசர அறுவைச்சிகிச்சை சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது.

மருந்தால் அடங்கியவர்களுக்கு இன்னொரு கேள்வி வரும். ஆறு, எட்டு வாரம் கழித்துக் குடல்வாலை எடுத்தே ஆகவேண்டுமா? முன்பு எல்லோருக்கும் எடுத்தார்கள். 40 வயதுக்குக் கீழே, தொந்தரவு திரும்ப வராதவர்களுக்குக் கட்டாயம் இல்லை என்கிறது அதே வழிகாட்டுதல். 40-க்கு மேல் நிலைமை வேறு. சீழ்க்கட்டி வந்தவர்களை வைத்து பின்லாந்தில் நடந்த ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 60 பேரில் 12 பேருக்குக் குடல்வாலில் புற்றுக்கட்டி இருந்ததும், அத்தனை பேரும் 40 வயதைத் தாண்டியவர்கள் என்பதும்தான் காரணம். அதனால் 40-க்கு மேற்பட்டவர்கள் வலி போய்விட்டது என்று விட்டுவிடாமல், கொலோனோஸ்கோப்பியும் ஸ்கேனும் எடுத்துக்கொள்வது அவசியம்.

வலி வந்தால் என்ன செய்யவேண்டும்?

* தொப்புளைச் சுற்றித் தொடங்கிச் சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, பசியின்மை, வாந்தி, காய்ச்சல் ஆகியவை வழக்கமான அடையாளங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு இது மாறித் தெரியலாம்.

* வாயுப் பிடிப்பு என்று நினைத்து விளக்கெண்ணெய் குடிப்பது, பேதி மருந்து சாப்பிடுவது, எனிமா எடுப்பது வேண்டாம். அடைபட்ட குடல்வால் வெடிக்க அது வழி செய்யலாம்.

* மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டே நாளைக் கடத்த வேண்டாம். கடுமையாக இருந்த வலி திடீரென்று குறைந்து, பிறகு வயிறு கல் மாதிரி ஆகிக் காய்ச்சல் ஏறினால், குடல்வால் வெடித்திருக்கலாம். உடனே எமர்ஜென்சி.

* டாக்டரிடம் கேட்கவேண்டியவை: ஓட்டை விழுந்திருக்கிறதா, சீழ்க்கட்டி இருக்கிறதா? மலக்கல் இருக்கிறதா? மருந்து கொடுத்துக் காத்திருந்தால் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்பீர்கள்? எந்த அறிகுறி வந்தால் ஆபரேஷனுக்கு மாறுவீர்கள்?

* மருந்தில் சமாளிக்கலாம் என்று முடிவானால், அது ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்காணிப்பில் தொடங்கவேண்டிய சிகிச்சை. ரூமில் தனியாகப் படுத்துக்கொண்டு ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு அந்தப் பெயர் கிடையாது.

* மேன்ஷனிலோ பிஜியிலோ தனியாக இருப்பவர்கள், அப்பா அம்மா ஊரில் இருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைக்கலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது. சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துசேரட்டும். தன் டாக்டர்கள் பம்பாயில் இருந்தும் பரோடாவில் இருந்தும் வரும்வரை காந்தியே காத்திருக்கவில்லை.